பொறி வைப்பது பொழுதுபோக்கா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலம் வந்தால் சில குடும்பங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. தகப்பனும் மகனும் காட்டுக்குப் போய், நரி பிடிக்க இரும்புப் பொறி வைப்பார்கள். எல்லாம் அதன் ரோமத் தோலுக்காக. அந்தத் தோலில்தான் சீமாட்டிகளுக்குக் கோட்டு தைப்பது!

பனியில் தடத்தைப் பார்த்தே, போனது நரியா முயலா என்று பையன் சொல்லிவிடுவான். நல்ல படிப்புதான். ஆனால் காலைக் கவ்வும் பொறியில் சிக்கிய நரி உடனே சாகாது. பொறி வைத்தவர் வரும்வரை குளிரில் கிடந்து துடிக்கும்.

பிராங்க் கோனிபேர் என்ற கனடா வேட்டைக்காரருக்கே இது பொறுக்கவில்லை. பொறி வைத்துப் பிழைத்தவர்தான் அவர். சட்டென்று உயிர் போகட்டும் என்று 1950களில் வேறு பொறி செய்தார். கலிபோர்னியாவில் ரோமத்துக்காகப் பொறி வைக்கவே கூடாது என்று 2019-ல் சட்டம் போட்டார்கள்.

வயிற்றுப்பாட்டுக்குப் பொறி வைப்பவரை நான் குறை சொல்லவில்லை. பொழுது போக எதற்குப் பொறி? தடம் பார்க்க மகனைக் கூட்டிப் போகட்டும். பொறி வீட்டிலேயே கிடக்கட்டும்.