எந்தத் துறையில் குளித்தீர்கள்?

இங்கிலாந்து போயிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைப் பைபரிக்குக் கூட்டிப்போனார். க்ளஸ்டர்ஷயரில், கோல்ன் ஆற்றங்கரையில் இருக்கிற சின்னக் கிராமம். சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன்னால் காலையிலேயே போய்விட்டோம். கண்ணாடி மாதிரித் தண்ணி, வாத்துகள், தேன் நிறக் கல்வீடுகள். சத்தமே இல்லை. நண்பர் பெருமூச்சு விட்டார்: "நம்ம கிராமமும் ஒரு காலத்துல இப்படித்தாங்க இருந்துச்சு."

இந்த 'நம்ம'தான் எனக்கு உறுத்துகிறது.

எல்லோரும் போட்டோ எடுக்கிற ஆர்லிங்டன் ரோ, 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அதைத் தடுத்து நெசவாளிகளின் குடியிருப்பாக மாற்றினார்கள். எதிரே ஈரப் புல்வெளி. துணி காயப்போடும் சட்டங்கள் அங்கே நின்றதால்தான் அதற்கு ராக் ஐல் என்று பேர். ஆக, இன்றைக்கு அழகு என்று விற்கப்படுவது உழைப்பாளி ஒண்டிக்கிடந்த லைன் வீடு. தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு வந்த அமைதி இது.

1830இல் தென் இங்கிலாந்துக் கிராமங்கள் அமைதியாக இல்லை. குளிர்காலத்தில் கதிரடித்துப் பிழைத்த கூலிகளின் வேலையை இயந்திரம் பிடுங்கியது. இயந்திரங்களை உடைத்தார்கள், போர்களைக் கொளுத்தினார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டது அரசு. ஏறத்தாழ 480 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. அதே 1830இல்தான் சார்லஸ் மெட்காஃப் என்கிற கம்பெனி அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று எழுதிவைத்தான். சொந்த நாட்டுக் கிராமம் எரிந்துகொண்டிருக்க, அடுத்தவன் நாட்டில் அமைதியைக் கண்டுபிடித்திருக்கிறான்! நம் ஆதிக்கசாதி அறிவாளிகளுக்கு அது வேதவாக்காகிவிட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர்தான் மெட்காஃபின் பேரைச் சொல்லியே அதைப் போட்டு உடைத்தார். அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கிற இடம் கிராமம் என்றார். இன்றைக்கும் அவர்களுக்கு அது ஆறவில்லை.

பைபரியில் செருப்புக் காலோடு தெருத்தெருவாக நடந்தேன். எந்தத் தெருக்காரன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. (தோல் நிறத்துக்கு அங்கே வேறு கணக்கு உண்டு, அது தனிக் கதை.) எங்க ஊரிலும் ஆறு ஓடியது. ஊர்த்துறை மேலே, சேரித்துறை கீழே. அவர்கள் குளித்து, மாடு கழுவிவிட்ட தண்ணியில்தான் எங்கம்மா என்னைக் குளிப்பாட்டினாள்.

நண்பரிடம் கேட்டேன்: "ஒங்க ஊர்லயும் ஆறு உண்டுன்னு சொன்னீங்களே, நீங்க எந்தத் துறையில குளிச்சீங்க?"

காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றார்.