அடைக்கலமும் அரசநீதியும்

அடைக்கலம் என வந்தடைந்தோரைக் காத்தல் மாந்தர்க்கு அறம். தன் எல்லையையும் குடிகளையும் காத்தல் அரசுக்கு அறம். இவ்விரண்டும் முரணுமிடத்து எதனைக் கைக்கொள்வது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துளது. மயிலாப்பூரில் கோயில் கொண்டுள்ள திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓரதிகாரம் வகுத்தார். அதே நூலில் ஒற்றாடலுக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஆகவே கருணையும் எச்சரிக்கையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. ஒவ்வொன்றும் தன்தன் எல்லையில் நிற்றல் வேண்டும் என்பதே நம் துணிபு.

இவ்வினா நம் நகருக்குப் புதிதன்று. 1983 ஜூலையில் இலங்கையில் மூண்ட கலவரம் முதல் 2012 ஆகஸ்டு வரையில் 3,04,269 பேர் இந்தியாவில் தஞ்சம் புகுந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. மிகப் பலர் இராமேசுவரக் கரையில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். வேறு சிலர் காவல் நிலையத்திற் பதிந்துகொண்டு நகரங்களில் வாடகை வீடுகளிற் குடியேறினர். இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிற் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. எனினும் வந்தவர்க்கு உறையுளும் அரிசியும் உதவிப்பணமும் அளித்தது. உயிர்க்குரிய பாதுகாப்பு அந்நியர்க்கும் உண்டென 1996-இல் சக்மா மக்களின் வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை போற்றற்குரியன.

அரசு ஐயுறுவதே குற்றம் என்பாரும் உளர். அவர் கூற்று முழுதும் நேரியதன்று. 1982 மே மாதத்தில் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரிலே இலங்கைப் போராளித் தலைவர்கள் ஒருவரையொருவர் சுட்டனர். 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் அவர் தோழரும் கொலையுண்டனர். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இவற்றைக் கண்ட அரசு வாளாவிருத்தல் இயலுமோ? வருவோரை வினவுதலும், பதிதலும், குற்றவாளியைத் தண்டித்தலும் அரசின் கடமையேயாம்.

ஆயின் சிலரது குற்றம் பலர்மேற் சுமத்தப்பட்டது. 1991-க்குப் பின் சில ஆண்டுகள் முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டது. கொலையொடு தொடர்பில்லாத மாணவர்க்கு இஃது எவ்வகையில் நீதியாகும்? 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்புங்கால், அவர் மனமுவந்து செல்கின்றனரா என்ற ஐயம் எழுந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதன்பின் ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் ஆணையத்தார் சென்னைக்கு வந்து, செல்வோரை நேரில் உசாவினர். இதனால் அரசின் நலன் குன்றவில்லை. அகதியின் மானமும் காக்கப்பட்டது. இதுவே பின்பற்றத்தக்க நெறி.

இன்றைய வினா இங்குப் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருவர்க்கு இவ்வுரிமை உண்டென 2022-இல் உயர் நீதிமன்றம் கூறியது. அதற்குப் பின் பிறந்தோர்க்கு அவ்வழி அடைபட்டது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டினர்க்கு வழி திறந்தது. இலங்கை அதிற் சேரவில்லை. 2021-இல் தமிழ்நாட்டு அரசு, அகதிகள் முகாமென்னும் பெயரை மறுவாழ்வு முகாமென மாற்றி, 7,469 வீடுகள் கட்ட முற்பட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டும் நுழைவுரிமையும் இல்லாமை பற்றிய தண்டனையினின்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. பெயர் மாறிற்று, வீடு கிட்டிற்று, தண்டனை நீங்கிற்று, குடியுரிமை மட்டும் கிட்டவில்லை. பட்டம் பெற்ற இளைஞன் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவும் இயலாது நிற்கின்றான்.

இந்தியா தருமசாலை அன்று என 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி கூறினார். உண்மையே. தருமசாலை என்பது இரவில் தங்கி விடியலிற் செல்லும் வழிப்போக்கர்க்குரியது. நாற்பதாண்டு வாழ்ந்தோரும் ஈண்டே பிறந்தோரும் வழிப்போக்கரல்லர். அவரை என்றும் வழிப்போக்கராகவே வைத்திருப்பதன்றோ நாட்டைத் தருமசாலை ஆக்குவது?

ஆகலின் நாம் வேண்டுவது எல்லையற்ற கருணையன்று. எல்லை வகுத்த சட்டம். குறித்த நாளுக்குள் வந்து பதிந்தோரைத் தனித்தனியே ஆராய்க. மீள விரும்புவோர்க்குப் பத்திரங்கள் அளித்து உதவுக. குற்றமற்றோர்க்கும் இங்குப் பிறந்தோர்க்கும் குடியுரிமை வழங்குக. நாள் குறிக்கப்படுதலின், இதனால் மேலும் பலர் வந்து குவிவர் என்னும் அச்சத்திற்கு இடமில்லை. நிலையற்று அலையும் மனிதனைக் காட்டினும் உரிமை பெற்ற குடிமகனே அரசுக்கு அரணாவான்.

ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தையை வழிபடுவோர் நிறுவியது நம் கல்லூரி. இதன் மாணவருட் சிலர் நாளை வழக்கறிஞராவர்; சிலர் சேப்பாக்கத்து எழிலகத்தில் கோப்புகளைப் பார்ப்பர். ஒவ்வொரு கோப்பினுள்ளும் ஒரு குடும்பம் விடைக்குக் காத்திருக்கின்றது என்பதை அவர் மறவாதிருப்பாராக.