ஓருறையில் இரு வாள்

ஓருறையில் இரு வாள் அடங்கா என்பர். எத்தியோப்பியப் பேரரசி ஸௌதித்துவின் ஆட்சியோ பதினான்கு ஆண்டுகள் அவ்வுரையைப் பொய்யாக்கிற்று.

1916-இல் பிரபுக்களும் திருச்சபைத் தலைவரும் லிஜ் இயாசுவை நீக்கி, இரண்டாம் மெனெலிக் பேரரசரின் புதல்வியாகிய ஸௌதித்துவை அரசியாக்கினர். ராஸ் தஃபாரியை இராஜப்பிரதிநிதியும் பட்டத்துக்கு உரியவரும் ஆக்கினர். 1923-இல் அந்நாடு சர்வதேச சங்கத்திற் சேர்ந்ததும், 1924-இல் அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் ஆணை பிறந்ததும், 1925-இல் அடிஸ் அபாபாவில் புதுமுறைப் பள்ளி எழுந்ததும் தஃபாரியின் முயற்சியே. ஆதலின் பலர் புகழனைத்தையும் அவர்க்கே சூட்டி, பேரரசியைப் பழமையின் நிழலென்று ஒதுக்குவர்.

யாம் இதற்கு உடன்படோம். புதுமைக்கு அஞ்சிய முதியோர் அத்துணைக் காலம் பொறுத்தது, அரியணையில் மெனெலிக்கின் மகளைக் கண்டமையாலன்றோ? அவர் செலுத்திய விலையும் சிறிதன்று. அரியணையின்பொருட்டு அவர் பிரிய நேர்ந்த கணவர் ராஸ் குக்ஸா, 1930 மார்ச்சு 31-இல் தஃபாரியின் படையை எதிர்த்து மடிந்தார். ஏப்ரல் 2-இல் பேரரசியும் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் தஃபாரி, ஹைலி செலாசி என்னும் பெயரொடு முடி புனைந்தார்.

மாடத்தைப் புகழ்வோர், அதனைத் தாங்கிய அடிக்கல்லையும் நினைத்தல் முறையாம்.