பாவம் அந்த டிவிடி பிளேயர்!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் டிவிடி பிளேயர் என்று பேச்செடுத்தாலே ஒரு பதில் ரெடி: "சைனா செட்டுங்க, படம் கட்டம் கட்டமா வரும். மலிவா வாங்கினா அப்படித்தான்."

இந்த 'மலிவா வாங்கினா அப்படித்தான்' என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சல். ஒரு கணக்குப் போடுவோமா?

பர்மா பஜாரில் விற்ற 'ஒரே டிவிடியில் மூணு படம்' ஞாபகம் இருக்கா? சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. மூணு படம், ஏழரை மணி நேரம். வகுத்தால் நொடிக்குச் சுமார் 1.4 மெகாபிட், சத்தமும் சேர்த்து. விசிடிக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் டிவிடியின் 720x576 படத்தில் விசிடியைவிட நாலு மடங்கு புள்ளிகள்! ஒருத்தர் சோற்றை நாலு பேருக்குப் போட்டால் யாருக்கு வயிறு நிறையும்? புள்ளிகளைக் குறைத்துப் பதிந்தாலோ, பெயர்தான் டிவிடி, சரக்கு விசிடி. அந்தத் தட்டை எத்தனை விலை உயர்ந்த பிளேயரில் போட்டாலும் இதே கட்டம்தான் வரும்.

சத்தம் இன்னொரு மோசடி. ஸ்பீக்கர் பெட்டி மேல் '1000 வாட் பிஎம்பிஓ' என்று கொட்டை எழுத்து. பிஎம்பிஓ-வை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. பிளக்கிலிருந்து 20 வாட் இழுக்கிற செட் 1000 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் எண்ணை.

கூலிக்காசைச் சேர்த்து வாங்கியவரை ஏமாற்றியது தட்டும் அட்டைப்பெட்டியும். திட்டு வாங்கியது பிளேயரும் அவருடைய ஏழ்மையும். இது நியாயமா மக்களே?