விமானங்கள் யாருக்காகப் பறக்கின்றன?

ஹவாய் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்று முழங்கிய பிரதமர் மோடி, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவில் உடான் திட்டத்தின் முதல் விமானத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். தில்லிக்குப் பறந்த அந்தச் சிறிய விமானத்தை இயக்கியது தனியார் நிறுவனம் எதுவும் அன்று. பொதுத்துறையைச் சேர்ந்த அலையன்ஸ் ஏர்.

அத்திட்டம் என்னவாயிற்று என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கப்பட்ட 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே. 2023 மார்ச்சில் அவற்றுள் எஞ்சியவை 54. மானியம் கிடைக்கும்வரை பறப்பது, நின்றதும் விமானத்தை வேறிடத்திற்குத் திருப்பிவிடுவது என்பதே தனியார் மூலதனத்தின் இலக்கணமாக இருந்துள்ளது.

இதற்கான காரணம் விமானத்தின் அளவிலேயே இருக்கிறது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் ஏறத்தாழ 180 பேரை ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் பெருநகரங்களுக்கிடையே ஓயாது பறந்தால்தான் இலாபம் தரும். சிறு நகரத்தின் குறுகிய ஓடுதளத்துக்கு உகந்தவை எழுபது பேர் அமரும் ஏடிஆர் 72, இருபது பேருக்கும் குறைவாகவே ஏற்றும் டார்னியர் 228 ஆகியவை. இவற்றில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு அதிகம். எனவே 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை வழங்கியபோது, அந்த 970இல் சிறு நகரங்களுக்கான விமானம் ஒன்றுகூட இடம்பெறவில்லை. அவை அனைத்தையும் கட்டித்தருவோர் இரண்டே அந்நிய நிறுவனங்கள். இதைத்தான் ஆட்சியாளர்கள் தேசத்தின் பெருமிதமாகக் கொண்டாடினர்.

இந்நாடு விமானம் கட்டத் தெரியாத நாடன்று. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் கான்பூர் ஆலையில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட ஆவ்ரோ விமானம் 1961இலேயே வானில் ஏறியது. இந்தியன் ஏர்லைன்ஸ் அதைப் பயணிகள் சேவையில் ஈடுபடுத்தியது. வடகிழக்கு மாநிலங்களின் தேவையை முன்னிட்டு 1981இல் அமைக்கப்பட்ட வாயுதூத், கான்பூரில் உருவான டார்னியர்களையும் இயக்கியது. அதில் நட்டம் இருந்தது உண்மையே. மலைக் கிராமத்துக்குச் செல்லும் அரசுப் பேருந்திலும் நட்டம் உண்டு. அதற்காக எவரும் பேருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் வாயுதூத் 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் கரைக்கப்பட்டது. உள்நாட்டு விமானக் கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் நிதியின்றித் தேங்கியது.

நெடுந்தொலைவுப் பயணத்தின் கதையும் வேறன்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தொழிலாளர்களைக் கருத்தில் கொண்டு 2005இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தொடங்கப்பட்டது; அதன் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குச் சென்றது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவுடன் சேர்த்து அதுவும் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 18,000 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட அந்த விற்பனையில் அரசின் கைக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி ரூபாய் மட்டுமே. ஓணத்துக்கும் பெருநாளுக்கும் ஊர் திரும்பும் தொழிலாளி இன்று பன்மடங்குக் கட்டணம் செலுத்துகிறார். கேட்டால், கட்டணத்தைச் சந்தைதான் தீர்மானிக்கும் என்பதே அரசின் விடை.

அந்த விடை எத்துணைப் பொய்யானது என்பது 2025 டிசம்பரில் வெளிப்பட்டது. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுப் பணியையும் கட்டுப்படுத்திய விதிகள் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தன. உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ மூன்றில் இருவரை ஏற்றிச்செல்லும் இண்டிகோ, அதற்கேற்பப் போதிய விமானிகளைத் தயார்ப்படுத்தவில்லை. ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. பிற நிறுவனங்களின் கட்டணம் விண்ணை முட்டியது. முடியாது என்று அதுவரை சொல்லப்பட்ட கட்டண உச்சவரம்பை அரசு டிசம்பர் 6 அன்று அறிவித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். அதே வேளையில், தவறிழைத்த நிறுவனத்துக்கே இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் அளித்தது. விமானியின் உறக்கம் ஏகபோகத்தின் கால அட்டவணைக்குப் பலியிடப்பட்டது. பயணியின் உயிர் அந்த உறக்கத்தைச் சார்ந்தது என்பது ஆட்சியாளர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

டாடாவுக்கு நிகழ்ந்த விற்பனையில் சேர்க்கப்படாததால் அலையன்ஸ் ஏர் இன்றும் அரசின் கையில் எஞ்சியிருக்கிறது. இந்தியாவில் கட்டப்பட்ட டார்னியரை 2022 ஏப்ரலில் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு இயக்கியதும் அதுவே. போதிய விமானங்களும் நிதியும் அதற்கு வழங்கப்பட வேண்டும். அதையும் விற்கும் எண்ணம் கைவிடப்பட வேண்டும். டிசம்பரில் ஒரே நாளில் விதிக்க முடிந்த கட்டண உச்சவரம்பு, வளைகுடா வழித்தடங்களையும் உள்ளடக்கி நிரந்தரமாக்கப்பட வேண்டும்.