அம்மாவுக்கு முதல் கோட்டு



டிசெம்பர் விடுமுறை நெருங்குகிறது. ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நாலு குடும்பம் சேர்ந்து வான் பிடித்து, பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம். மழைக்கு என்ன வாங்கலாம்?" இந்த மாதம் ஊவாவில் பல வீடுகளில் இதே கேள்விதான். ஆகவே இந்தப் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

நமது பள்ளி விடுமுறைகள் மழையோடுதான் வருகின்றன. பதுளை, பசறை, ஹாலிஎல, மடுல்சீமைப் பக்கங்களில் ஒக்டோபரில் பிடிக்கும் மழை ஜனவரி வரை விட்டு விட்டுப் பெய்யும். ஏப்ரலில் பின்னேரம் இடியோடு கொட்டும். ஆகஸ்டில் மட்டும் நமக்கு வறண்ட காற்று; ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிற காலம் அது. ஆனால் அதே ஆகஸ்டில் மேற்கே தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். பண்டாரகமவிலுள்ள பேர்ல் பே போன்ற பூங்காக்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பெரகலையில் இறங்கி இரத்தினபுரி வழியாகப் போனால், நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்றைக் கடந்துதான் போக வேண்டும். வீட்டு வாசலில் வெயில் அடிக்கிறதே என்று மழை உடுப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குடையா, கோட்டா, பொன்சோவா? பூங்காவுக்குக் குடை சரிவராது. வரிசையில் நிற்கும்போது பக்கத்திலுள்ள பிள்ளையின் கண்ணைக் குத்தும். ராட்டினத்தில் ஏறும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கீழே நிற்க வேண்டிவரும். பொன்சோ நடப்பதற்கு நல்லது. முதுகுப் பையையும் சேர்த்து மூடும், கைக்குழந்தையை அணைத்தபடியும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன் தொங்கும் ஓரங்கள் சுழலும் இயந்திரத்துக்கு அருகில் ஆபத்து. ஏறுவதற்கு முன் கழற்றி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்றது, முன்பக்கம் பொத்தானோ சிப்போ வைத்த, உடம்போடு நிற்கும் கோட்டுத்தான். தொப்பியில் நீண்ட கயிறு இருந்தால் கடையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். நிறம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கட்டும். கூட்டத்திலும் பனிமூட்டத்திலும் பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்.

வாங்கும்போது தையலைப் பாருங்கள். கோட்டில் தண்ணீர் பெரும்பாலும் ஊசித் துளை வழியாகத்தான் இறங்கும். உள்பக்கத் தையலின் மேல் பட்டி ஒட்டியிருந்தால் நம்பி வாங்கலாம். மெல்லிய பொலித்தீன் கோட்டு விலை குறைவு, ஆனால் ஒரு நாளிலேயே கிழிந்து குப்பையாகிவிடும். தடித்த பிவிசி மழையை நன்றாகத் தடுக்கும். வியர்வையையும் உள்ளேயே நிறுத்தும். நீர் புகாத பூச்சுள்ள நைலோன் அல்லது பொலியெஸ்டர் கோட்டு பாரமில்லாதது, சுருட்டிப் பையில் வைக்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும். நனைந்த கோட்டை அடுப்புக்கு மேலே கொடியில் போடாதீர்கள், சூட்டில் பூச்சு உரிந்துவிடும். நிழலில், காற்றில் காயட்டும்.

காலுக்கு, பின்பட்டி வைத்த செருப்பு. ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பும் ஒரு துவாயும் இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் இருக்கட்டும். தூரப் பயணத்துக்கு வசதியில்லாமல் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்குப் போகிற குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் சாரல், மழையில்லாத நாளிலும் நனைக்கும். அந்தக் கற்பாதையில் பிள்ளையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அங்கும் குடையை விடக் கோட்டுத்தான் நல்லது.

கோட்டு காப்பாற்ற முடியாத மழையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை நாம் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிலை நிலையாக அறிவிக்கிறது. உங்கள் பகுதிக்கோ, போகும் வழிக்கோ செம்மஞ்சளோ சிவப்போ அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வானுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எல்லாரும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

கடைசியாக, என் மனதில் கிடக்கும் ஒன்று. இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்யும் முறைக்கு சார்ள்ஸ் மெக்கின்டொஷ் 1823இல் காப்புரிமை பெற்றார். 1876இல் இறப்பர் கன்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடைக்கு வந்தன. இன்று நமது மொனராகலையிலும் இறப்பர் விளைகிறது. இத்தனைக்குப் பிறகும், கொழுந்து மலையில் நம் தாய்மார் கறுப்புக் கம்பளியையும் சாக்குக் கொங்காணியையும் போர்த்தித்தான் தலைமுறை தலைமுறையாக நனைந்தார்கள். இன்றும் பலருக்கு ஒரு பொலித்தீன் துண்டுதான் மழைக்கோட்டு. சுற்றுலா என்றால் பிள்ளைகளுக்குப் புதுக் கோட்டு, அப்பாவுக்கு நல்ல குடை, அம்மாவுக்கு ஷொப்பிங் பேக் என்று ஆகிவிடுகிறது. ஆனால் வீட்டில் அதிகமாக மழையில் நிற்பவர் அம்மாதான்.

ஆகவே ஸ்பிரிங்வெளிச் சகோதரிக்கும் உங்கள் எல்லாருக்கும் என் வேண்டுகோள்: கடைக்குப் போனால் முதல் கோட்டை அம்மாவுக்கு எடுங்கள். கைகளை நீட்டி இரண்டு கையாலும் கொழுந்து எடுக்க முடிகிறதா, தொப்பியின் மேல் கூடைக் கயிறு ஒழுங்காக உட்காருகிறதா என்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூங்காவில் ஒரு நாள் உதவும் அந்தக் கோட்டு, மலையில் வருடம் முழுவதும் உதவும். பணம் போதவில்லையென்றால் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் கோட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பயணம் சுகமாக அமையட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்