கைதட்டியது போதும், களத்துக்கு வாருங்கள்!

"மோட்டார் பந்தயமா? அது சீமான் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டப்பா! உனக்கும் எனக்கும் அங்கே என்ன வேலை?" இப்படிப் பேசுகிறார்கள், பேசுவது மாற்றாரல்ல, நம்மவரேதான். பணிமனை வாசலில் பேசுகிறார்கள். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து பேசுகிறார்கள். பேசி முடித்ததும், எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, யாரோ ஓட்டி நொறுக்கிய வண்டியின் அடியிலே மறுபடியும் போய்ப் படுக்கிறார்கள்!

என்ஜினின் இரைச்சலைக் காதால் கேட்டே நோய் இன்னதென்று சொல்பவன் நம்மவன். கொட்டும் மழையில், கொண்டை ஊசி வளைவுகளில், பாரம் ஏற்றிய லாரியைப் பத்திரமாக இறக்குபவன் நம்மவன். உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண் தடத்திலும், திருமங்கலம் – பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் சேற்றிலும், கண்மாய்க் கரை மேட்டிலும் சக்கரம் புதையாமல் வண்டியைக் கொண்டுசெலுத்துபவனும் நம்மவன்தான். ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால், வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவனும் அவனேதான்! திறமை ஒரு பக்கம், திடல் மறுபக்கம், இடையிலே வேலி! இந்த வேலி விலகவேண்டும். மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மோட்டார் ராலிப் போட்டிகளுக்குப் பத்துப் பேரல்ல, நூறு பேர் கிளம்பவேண்டும். இதுவே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

ராலி என்றதும், நாம் கொடி பிடித்து நடக்கும் பேரணி என்று எண்ணிவிடவேண்டாம். வட்டப் பாதையில் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றிவரும் பந்தயமும் அல்ல இது. ராலியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுப் புறப்படும். எதிரி பக்கத்து வண்டி அல்ல. பாதையும் கடிகாரமுமே எதிரிகள். வண்டிக்குள் இருவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பாதைக் குறிப்பைப் படித்து, "அடுத்தது இடப்பக்க வளைவு, அதன்பின் பள்ளம்" என்று வழி சொல்வார். ஓட்டுநர் – நடத்துநர் உறவு நமக்குப் புதிதா? விசில் சத்தத்தில் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து, நாள் முழுதும் பேருந்தை நடத்தும் இருவரைவிடப் பொருத்தமான இணை எங்கே கிடைக்கும்?

ராலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொதுப் போக்குவரத்தை அடைத்துவிட்ட பாதையில் வேகத்தைச் சோதிப்பது. அதற்கு வண்டிக்குள் இரும்புக் கூண்டு வேண்டும், தலைக்கவசம் வேண்டும், தீப்பிடிக்காத உடை வேண்டும். செலவு பெரிது, மறைக்கவில்லை. மற்றொன்று நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு ஓட்டுவது. புதிதாக வருபவன் காலெடுத்து வைக்கவேண்டிய வாசற்படி இதுதான்.

மணிக்குச் சராசரி 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்க என்று குறிப்பு இருக்கும். நிமிடத்துக்கு 600 மீட்டர். 9 கிலோமீட்டருக்கு 15 நிமிடம். வழியில் மாட்டு மந்தை குறுக்கிடும், ரயில்வே கேட் மூடியிருக்கும். இழந்த நேரத்தை ஈடுகட்டவேண்டும், சாலை விதியையும் மீறக்கூடாது. எங்கே நேரம் பார்ப்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. பிந்தி வந்தாலும் தண்டம், முந்தி வந்தாலும் தண்டம்! கண்மூடித்தனமாகப் பறப்பவன் இங்கே தோற்பான். கணக்கறிந்து ஓட்டுபவன் வெல்வான். இதற்குப் பறக்கும் இறக்குமதிக் கார் வேண்டுமா? சாலையில் ஓடத் தகுதியுள்ள சாதாரண வண்டி போதும். ஒரு கடிகாரமும், எட்டாம் வகுப்புக் கணக்கும், பதறாத நெஞ்சும் போதும்.

"சொல்வது எளிது, பட்டறைக்காரன் எங்கே வென்றான், காட்டு!" என்பார்கள். காட்டுவோம்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாடு. அங்கே 1953-ஆம் ஆண்டு தொடங்கியது சஃபாரி ராலி. புழுதியும் சேறும் ஆறும் நிறைந்த பாதை. 1968-ஆம் ஆண்டில் 93 வண்டிகள் புறப்பட்டு, 7 வண்டிகள் மட்டுமே முடிவிடம் சேர்ந்தன என்றால், பாதையின் கொடுமையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்! பணம் படைத்த வெளிநாட்டுக் கம்பெனிகள் வண்டிகளைக் கப்பலேற்றி அனுப்பிய அந்தப் பந்தயத்தில், 1965-ஆம் ஆண்டு வென்றவர் யார்? ஜோகிந்தர் சிங்! பஞ்சாபிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தில் கெரிச்சோ ஊரில் பிறந்தவர். பட்டறையிலே தொழில் கற்ற மெக்கானிக். பக்கத்தில் வழிசொல்லி அமர்ந்தவர் உடன்பிறந்த தம்பி. ஓட்டியது புத்தம்புது வண்டியல்ல, முன்பே பந்தயத்தில் அடிபட்ட பழைய வோல்வோ! ஒருமுறை குருட்டடி என்று யாரும் சொல்லிவிடாதபடி 1974-லும் 1976-லும் மறுபடி வென்றார்.

இன்னொருவர், பிரான்சு நாட்டு செபஸ்தியன் லோப். 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலக ராலி வாகையர். அவர் செய்துவந்த தொழில் மின்பணி! அவர் எப்படிக் கண்ணில் பட்டார்? அங்கே இளைஞர்களுக்கென்று ஒரு திறந்த தேர்வுப் போட்டி இருந்தது. "சொந்தக் கார் இருக்கிறதா, அப்பா யார், பாங்கியில் எவ்வளவு?" என்று கேளாமல், "வா, ஓட்டிக் காட்டு" என்று அழைத்த போட்டி. 1995-இல் அதிலே கலந்துகொண்டவர் லோப். 2005-இல் அதிலே வென்றவர் செபஸ்தியன் ஓஜியே. 2013-இல் அவரும் உலக வாகையர் ஆனார். வாசல் திறந்திருந்தது, திறமை உள்ளே வந்தது. அவ்வளவுதான் இரகசியம்!

நம் நாட்டு வரலாறு என்ன? 1953-இல் பிறந்தது சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம். போர்க்கால விமானத்தளமான சோழவரத்திலே பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் திடல் வந்தது. கோவையிலே கரிவரதன் என்றொருவர். வசதி படைத்தவர்தான், ஆனால் வசதியில்லாதவனும் ஓட்டவேண்டும் என்று எண்ணியவர். மாருதி என்ஜினைப் பொருத்தி, உள்நாட்டிலேயே மலிவான பந்தயக் கார் செய்து காட்டினார். 1995-இல் விமான விபத்து அவரைக் கொண்டுபோயிற்று. அவர் போட்ட பாதையைக் கொண்டுபோக முடியவில்லை. அதே கோவையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். அவருடைய தந்தையார் ராலி ஓட்டிப் பேர் பெற்றவர் என்பதை மறந்துவிடக்கூடாது.

சென்னை பேர் பெற்றது. கோவை பேர் பெற்றது. மதுரை? மோட்டாருக்கும் மதுரைக்கும் உறவில்லையா? 1911-ஆம் ஆண்டு டி. வி. சுந்தரம் அய்யங்கார் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய ஊர் மதுரை. உலகின் புகழ்மிக்க மான்டி கார்லோ ராலி முதன்முதலாக நடந்ததும் அதே 1911-இல்தான்! இங்கே வேர்விட்ட டி.வி.எஸ். என்ற பெயரைத் தாங்கிய மோட்டார் சைக்கிள் உலகப் பாலைவனங்களில் ஓடியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு சவூதி மணற்பரப்பில் நடந்த டக்கார் ராலியில், அந்த அணிக்காக ஓட்டித் தன் பிரிவில் முதலிடம் பெற்றார் கேரளத்து ஹரித் நோவா. 2019-ஆம் ஆண்டு மகளிர் பாஹா உலகக் கோப்பையை வென்றார் பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே. இருவரையும் மனமார வாழ்த்துகிறோம். வாழ்த்திவிட்டுக் கேட்கிறோம்: பெயர் பிறந்தது வைகைக் கரையில், அந்தப் பட்டியலில் வைகைக் கரைப் பிள்ளையின் பெயர் ஏறுவது எப்போது?

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, மூன்றரைக் கிலோமீட்டர்ச் சாலையில் விளக்கொளியில் பார்முலா 4 பந்தயம் நடந்தது, கண்டோம், களித்தோம். 2025 சனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது; கைதட்டினோம். கைதட்டியது தவறல்ல. கைதட்டுவதோடு நம் கடமை தீர்ந்தது என்று கருதுவதுதான் தவறு!

இதிலே நம் பாட்டன்மாரிடம் பாடம் கற்கலாம். மதுரை, தேனி, சிவகங்கைச் சீமைகளில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிறதே, அங்கே எல்லா மாட்டையும் ஒரே வரிசையிலா விடுகிறார்கள்? பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்தல்லவா விடுகிறார்கள்! பெரிய மாட்டுக்கு வசதியற்ற குடியானவனும் பூஞ்சிட்டைப் பூட்டிக்கொண்டு வருவான். அவனுக்கும் பரிசுண்டு, பாராட்டுண்டு. மோட்டார் ராலியிலும் என்ஜின் அளவுக்கேற்ற பிரிவுகள் உண்டு. புதியவனுக்கென்று ஒரு "பூஞ்சிட்டு"ப் பிரிவை எல்லாப் போட்டிகளிலும் வையுங்கள். கட்டணத்தைப் பாட்டாளியின் சட்டைப்பைக்கு எட்டும்படி வையுங்கள். பாதைக் குறிப்பையும் விதிமுறையையும் தமிழிலே அச்சிடுங்கள். ஆங்கிலம் தெரியாத காரணத்தால் ஒரு நல்ல ஓட்டுநன் வாசலிலேயே திரும்பிப் போவானானால், வெட்கப்படவேண்டியவன் அவனல்லன்!

ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். 2019-இல் இராசத்தானத்தில் நடந்த தேசிய ராலி ஒன்றில், அடைத்த பாதைக்குள் வந்துவிட்ட இருசக்கர வண்டியில் இருந்த ஒரே குடும்பத்தார் மூவர் மாண்டனர். மூன்று உயிர்! எந்தக் கோப்பையும் அதற்கு ஈடாகாது. ஆகவே அழுத்தந்திருத்தமாகச் சொல்கிறோம்: பாதையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டித் தண்டோரா போட்டுச் சொல்லாத பந்தயம் நமக்கு வேண்டாம், சந்துக்குச் சந்து காவல் நிற்காத பந்தயம் வேண்டாம், ஆம்புலன்சும் மருத்துவரும் இல்லாத பந்தயம் வேண்டவே வேண்டாம். ஊர்த் தெருவெல்லாம் அறிந்த நம் தோழர்கள் பாதைக் காவலுக்கு முன்வந்தால், வெளியூர்க் குழு செய்யமுடியாததை அவர்கள் செய்துகாட்டுவார்கள். ஓட்டுபவன் மட்டுமல்ல, கொடி பிடித்துக் காவல் நிற்பவனும் போட்டியின் தூண்தான்.

ஆபத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். நள்ளிரவில் நான்கு வழிச் சாலையில், தலைக்கவசமின்றி, பந்தயம் கட்டிப் பறக்கிறானே இளைஞன், அவனுக்கு எது பாதுகாப்பு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுவிடத்தில் பந்தயம் விடுவதைக் குற்றம் என்கிறது. குற்றம் என்று தடுப்பது போலீசாரின் வேலை. அந்தத் துடிப்புக்கு ஒரு வடிகால் அமைப்பது சமுதாயத்தின் வேலை. அணை கட்டாமல் வெள்ளத்தைத் திட்டி என்ன பயன்?

செலவுக்கு வழி? நம்மிடம் பணம் குறைவு, ஆனால் கூட்டுச் சேரும் பழக்கம் உண்டு. நால்வர் சேர்ந்தால் ஒரு வண்டி: ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி சொல்ல, இருவர் பழுது பார்க்க. அடுத்த போட்டியில் முறை மாற்றிக்கொள்ளலாம். உதிரிப் பாகக் கடைக்காரரும் பட்டறை முதலாளியும் ஒரு டயர், ஒரு டப்பா எண்ணெய் என்று உதவினால், அவர்களுடைய பெயர்ப் பலகையும் வண்டியோடு ஊர் சுற்றும். வண்டியைச் செப்பம் செய்வது நமக்குக் கூலியில்லாத வேலை; பணக்காரன் பணம் கொடுத்து வாங்குவதை நாம் கையாலேயே செய்துகொள்வோம்! வெளிப்படையான திறமைத் தேர்வொன்றை மதுரையில் நடத்த, தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் மோட்டார் சங்கங்களும் முன்வரட்டும். விளையாட்டுத் துறை கைகொடுக்கட்டும்.

1972-ஆம் ஆண்டு, தனியாரிடமிருந்த பேருந்துகள் மக்கள் சொத்தாகி, மதுரையிலே பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அன்றும், "பேருந்து நடத்துவது பரம்பரை முதலாளிகளின் வேலை, இவர்களால் ஆகுமா?" என்று சிரித்தவர் உண்டு. சக்கரம் நின்றுவிடவில்லை, குக்கிராமத்துக்கும் ஓடிற்று! பேருந்தைப் பொதுவாக்கத் தெரிந்த நாட்டுக்குப் பந்தயத்தைப் பொதுவாக்கத் தெரியாதா?

தோழர்களே! முதல் போட்டியிலே கோப்பை கிடைக்காது, கடைசியாகவும் வரலாம். வரட்டும்! கடைசியாக வந்தவன் பெயர் முடிவுப் பட்டியலில் இருக்கும். வேலியோரம் நின்றவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. இந்த ஞாயிறு நால்வர் கூடுங்கள். ஒரு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு, அழகர்மலை அடிவாரம்வரை, விதி மீறாமல், சொன்ன நேரத்தில் போய்வரப் பழகுங்கள். அடுத்த போட்டி அறிவிப்பு வந்ததும் பெயரைப் பதிவு செய்யுங்கள்!

வண்டி தெரியும், வழி தெரியும், வறுமையும் தெரியும் நமக்கு. தெரியாதது தயக்கத்தை விடுவது ஒன்றுதான். அதையும் கற்றுக்கொள்வோம், களம் புகுவோம்!